அந்தச் சிவப்பு காயம் அல்ல

போன மாதம் நம் காட்சிக்கூடத்துக்கு வந்திருந்தேன். உங்களில் யாருக்கும் என் முகம் தெரியாது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தேன். எகிப்தியப் பெண்ணின் சவப்பெட்டி இருக்கும் அறையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கண்ணாடிக்குள் அவருடைய இடது தோளில், கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும் செந்நிறக் கறையைச் சுட்டிக்காட்டி, வழிகாட்டி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதோ பாருங்க, இங்கதான் கத்தி எறங்கியிருக்குது. ராணிம்மாவ சொத்துக்காகக் குத்திக் கொன்னுட்டாங்க. மூவாயிரம் வருசமா ரத்தம் அப்படியே இருக்குது பாரு!"

பக்கத்தில் புதிதாக மாட்டியிருந்த பலகை சற்று நாகரிகமாகப் பொய் சொன்னது: ‘பழங்காலச் சடங்கில் பூசப்பட்ட செந்நிறத் தைலம்.’

அது இரத்தமுமில்லை, தைலமுமில்லை. பிள்ளையார்பாளையத்து மஞ்சள். அதை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான்.

ஓய்வு பெற்றவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தங்கள் அனுபவத்தைக் கனிவோடு எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கனிவு என்னிடம் இருக்கிறது. அதை உங்களுக்கும், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பெண்ணுக்கும், நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்கும் பங்கிட்டு வைத்திருக்கிறேன். எஞ்சியவர்களுக்குத் தர என்னிடம் கோபம்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு எனக்கே உரியது.

முதலில் பெட்டிக்குள் இருப்பவரைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஊரின் பட்டு வணிகக் குடும்பம் ஒன்று, பல தலைமுறைகளுக்கு முன் ஏதோ ஒரு துறைமுக நகரத்து ஏலத்தில் அவரைப் பெட்டியோடு வாங்கி வந்தது. பிறகு அந்தக் குடும்பம் அறக்கட்டளை தொடங்கி, பழம்பொருள்களுக்கு ஒரு காட்சிக்கூடம் கட்டியபோது அவரும் இங்கே வந்து சேர்ந்தார். பெட்டியின் கால்மாட்டில் வண்ண எழுத்துகள் இருக்கின்றன. ‘இல்லத்தலைவி’ என்பது வரை படிக்க முடிகிறது. அதற்கடுத்துப் பெயர் இருந்த இடத்தில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. ராணி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரு வீட்டை நடத்திய பெண், அவ்வளவுதான். அவ்வளவு போதாதா நமக்கு?

நான் இங்கே பழம்பொருள் பாதுகாப்பாளராக இருந்த கடைசி ஆண்டுகளில், காட்சிக்கூடத்தைப் புதுப்பித்துத் திறக்க முடிவு செய்தார்கள். அந்த வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த அறக்கட்டளைச் செயலாளர் என்னை அழைத்து, வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளியன்று விழா என்றார்.

"அன்னிக்கு மூடிய தூக்கி வெச்சிடுங்க மேடம். சீஃப் கெஸ்ட் அந்த மம்மி ஐட்டம் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ. அது பேப்பர்ல வந்தா போதும்."

மார்பின் மேல் சுற்றியிருந்த லினன் துணி கிழிந்து, இழைகள் காய்ந்த புல்லைப்போல் நிமிர்ந்து நின்றன. மூடியைச் சட்டென்று தூக்கினால் எழும் காற்றுக்கே அவை உதிரும். நானே மூடியை மெல்ல விலக்கி, சிலந்தி வலைபோல் மெல்லிய பட்டுத்துணி ஒன்றை மேலே விரித்து, அந்த இழைகளை அமர்த்திய பிறகுதான் விழாவில் மூடியைத் தூக்கலாம் என்றேன். வெளிநாட்டிலிருந்து நான் வரவழைத்த துணியோ விமான நிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மேடம், காஞ்சிபுரத்துல ஒக்காந்துக்கினு பட்டு இல்லன்றீங்க?" என்று செயலாளர் சிரித்தார்.

அவர் என்னிடம் சொன்னவற்றுள் நியாயமான வாக்கியம் அது ஒன்றுதான். அடுத்ததாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஆனா பொணத்துக்குன்னு சொல்லிடாதீங்க. ஒருத்தனும் நெய்ய மாட்டான். நம்ம கடைல கல்யாணப் புடவ வாங்கறவங்க காதுக்குப் போனா அவ்ளோதான்."

தலையாட்டினேன். நான்கு பட்டங்கள் பெற்றவள், பதினாறு ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவள், ஒரு நெசவாளரை ஒரு முறைகூடக் கேட்டுப்பார்க்காமல், அவர் என்ன சொல்வார் என்பதை ஒரு வியாபாரியின் வாயிலிருந்து கற்றுக்கொண்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் மிக மெல்லிய துணி நெய்யக்கூடியவர் தணிகாசலம் என்று சொன்னார்கள். நான் போனபோது அவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் அவர் மனைவி கோமளா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். சாயமேற்றாத நூலில் இரண்டு முழம் வேண்டும் என்றேன். எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும் என்பதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"இத யாருமா கட்டிக்கப் போறாங்க? கொசுவலையே இதவிட கெட்டியா இருக்குமே!"

"ஒரு பழைய துணி இருக்கு. அதுக்கு மேல போட்டுத் தாங்கறதுக்கு."

"யாரோட துணி?"

அதுவரை நான் சொன்னதெல்லாம் உண்மை. அந்தக் கேள்விக்குப் பிறகு, "சாமியோடது" என்றேன்.

ராட்டை நின்றது. "எந்தச் சாமிமா?" என்றார் கோமளா.

இந்த ஊர்க் கோயில் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு அங்கே ஓர் அர்ச்சகரையாவது தெரிந்திருக்கும். அதனால் ஊருக்கு வெளியே ஒரு பெயரைத் தேடினேன். "திருப்புட்குழித் தாயார்."

கோமளாவின் முகம் மாறியதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. "அந்தத் தாயாரா? எம் மவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருசம் ஆவுதுமா. வறுத்த பயிற மடில கட்டிக்கினு படுத்து, அது மொளைச்சா புள்ள பொறக்கும்னு சொல்றாங்களே, அதுக்காக ரெண்டு தபா அங்க போய்ட்டு வந்துட்டா." கணவரிடம் திரும்பினார். "யோவ், மத்த வேலய எடுத்து ஓரமா வையி. இத நீ நெய்யற."

"நெய்யாமியா? வூட்ல கட்டள பொறந்துடுச்சே" என்றார் தணிகாசலம்.

மஞ்சள், குங்குமம் எதுவும் படக்கூடாது என்று நான் அழுத்திச் சொன்னேன். புதுத்துணி என்றால் இந்த ஊரில் மூலையில் ஒரு துளி மஞ்சள் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போகாது.

"மஞ்ச வெக்காம தாயாருக்கா?" என்று கோமளா திகைத்தார்.

"அதை அங்க அர்ச்சகர் பார்த்துக்குவார்" என்றேன். முதல் பொய் சாயாமலிருக்க இரண்டாவது பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். பழைய துணியில் கறை பிடிக்கும் என்ற எளிய உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன்.

நெய்யத் தொடங்கிய இடத்திலிருந்து உள்ளங்கையளவு துண்டு ஒன்றைத் தணிகாசலம் முதலில் வெட்டிக் கொடுத்தார். அதை நனைத்து, வெள்ளை ஒற்றுத்தாளில் அழுத்தி, இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். எந்த நிறமும் இறங்கவில்லை. முழுத்துணி திங்களன்று கைக்கு வந்தது. ஊதினால் பறக்கும் துணி. சாயமேற்றாத பட்டுக்கே உரிய இளமஞ்சள் நிறம். வெள்ளிக்கு நான்கு நாள்தான் இருந்தது. துண்டைத்தான் சோதித்தாயிற்றே என்று முழுத்துணியைச் சோதிக்காமல் விட்டேன். இந்த வாக்கியத்தை நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். ஒரு துணியின் மாதிரி அந்தத் துணி ஆகாது. அது பெட்டிக்குள் போகப்போவதில்லை.

செவ்வாயன்று மூடியை மெல்ல விலக்கி, துணியை மார்பின் மேல் விரித்து, ஓரத்தை இடது தோளுக்கடியில் செருகினேன். நிமிர்ந்து நின்ற இழைகள் இளகிப் படிவதற்காக, லேசாக ஈரம் காட்டிவிட்டு மூடினேன். புதன் காலை விளக்கைப் போட்டேன். தோளில் சிவப்பு.

முதலில் எனக்கு விளங்கவில்லை. அந்த அறையில் சிவப்பு என்று ஒன்றுமே இல்லையே! பிறகு அது எந்தச் சிவப்பு என்று தெரிந்தது. மணமக்கள் வாசலில் நிற்கும்போது தட்டில் சுற்றுகிறோமே, அந்த ஆரத்தி நீரின் நிறம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியாத பெண் இந்த ஊரில் இல்லை. உடலை உலர்த்த எகிப்தியர்கள் இட்ட உவர் உப்பு அவருடைய துணியில் இன்னும் இருக்கிறது. மஞ்சளிடம் சுண்ணாம்பு செய்வதை அதுவும் செய்யும். பட்டின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினேன். வாசலில் இருந்த காவலாளியிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் வாங்கி, நீரில் கரைத்து அந்த இழையை நனைத்தேன். கண்ணெதிரே சிவந்தது. இளமஞ்சள் பட்டுக்குள், கடைசி ஓரத்தில், மஞ்சளில் தோய்த்த ஒரே ஓர் இழை ஒளிந்திருந்தது.

ஒற்றியும் ஊதியும் பார்க்கலாம். கழுவ முடியாது. கழுவினால் துணியே கூழாகிவிடும். மூவாயிரம் ஆண்டுகள் வெள்ளமும் கொள்ளையும் ஏலமும் கப்பலும் செய்யாததை நான் ஒரே இரவில் செய்து முடித்திருந்தேன்.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"எவ்ளோ பெருசு?"

"கட்டைவிரல் அகலம், சார்."

"அவ்ளோதானே? சுமங்கலிக்கு மஞ்சள் பட்டா நல்லதுதானே மேடம்!" தன் நகைச்சுவையை அவரே ரசித்தார். பிறகு முகம் வேலைக்குத் திரும்பியது. "ரிப்போர்ட்ல நெய்தவன் தப்புன்னு எழுதிடுங்க. சாயம் ஓடிடுச்சுன்னு."

"துணில சாயமே இல்லை, சார். அது மஞ்சள்."

"எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றில்லை என்பது பட்டுக் கடையில் பிறந்து வளர்ந்த அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த ஊரில் ஒரு நெசவாளரைக் குடிகாரர் என்று சொல்லலாம், சண்டைக்காரர் என்று சொல்லலாம். தறி நிற்காது. ‘அவர் துணி சாயம் போகும்’ என்று சொன்னால் நின்றுவிடும். அதை அறிந்தும் நான் அங்கே மறுத்துப் பேசவில்லை. "யோசிச்சு எழுதறேன்" என்று சொல்லி வெளியே வந்தேன். பண்பட்டவர்களின் கோழைத்தனம் பெரும்பாலும் இந்தச் சொற்களில்தான் வெளிப்படும். உங்கள் வாயில் அவை வரும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. ஈரம் காயவில்லை, மூடியை எடுக்க மாட்டேன் என்று கண்ணாடிப் பேழையின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செயலாளர் பல்லைக் கடித்தார். சிறப்பு விருந்தினர் மாலையோடு அறைக்குள் வந்து, மூடிய பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாய்யா இது, பொணத்தாண்ட நிக்க வெச்சி போட்டோவா? நல்ல நாள் அதுவுமா! வெளிய அந்தத் தோரணத்தாண்ட எடுத்துக்கலாம் வா."

போய்விட்டார். இவ்வளவும் எந்தப் படத்துக்காக நடந்ததோ, அந்தப் படம் அவருக்கு வேண்டவே வேண்டாம்.

சனிக்கிழமை பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். புதன் முதல் சனி வரை என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனபோது தணிகாசலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தறியில் நெய்வதற்குப் பாவுநூல் ஏற்றியிருக்கவில்லை.

"வாமா" என்றார் கோமளா. "தாயாரு சௌக்கியமா?"

அவரே தொடர்ந்து சொன்னார்.

"நேத்து போனேன். எம் மவளயும் கூட்டிக்கினு ரெண்டு பஸ்சு மாறிப் போனேன். எங்க வூட்டுத் துணி சாத்தினீங்களா சாமின்னு அர்ச்சகர கேக்குறேன். எந்த வஸ்திரம்மான்னு அவரு முழிக்கிறாரு. வரிசைல நிக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க. எம் மவ, வாம்மா போலாம்னு என் கையப் புடிச்சி இழுக்குறா."

"அது கெடக்கட்டும்" என்று தணிகாசலம் எழுந்தார். "என் துணி சாயம் போவுதுன்னு கட கடையா யாருமா சொன்னது? முகூர்த்தப் பொடவைக்குப் பாவு தரேன்னவங்க நேத்து இல்லன்ட்டாங்க. முப்பது வருசமா நெய்யறேன். ஒருத்தர் அந்த வார்த்த சொன்னதில்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியில் இருப்பது பல்லாயிரம் மைல் தொலைவில் இறந்துபோன ஒரு பெண், அவர் மேல் சுற்றிய துணிக்காகத்தான் கேட்டேன், தாயாருக்கு என்றது பொய், சாயம் ஓடியது என்பது செயலாளர் கிளப்பிய கதை, அதை நான் அங்கேயே மறுக்கவில்லை. எதையும் விடவில்லை.

"பொணத்துக்கா?"

"ஆமாம்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நெய்ய மாட்டீங்கன்னு நினைச்சேன்."

அந்த ஒரு பதிலுக்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. அதுவரை இருந்தது வருத்தம்.

"யாரு நெனச்சா? நீ நெனச்சியா, உங்க செயலாளரு நெனச்சாரா? என்ன ஒரு வார்த்த கேட்டியாமா? திருப்புட்குழின்னு வாய் கூசாம சொன்னியே, அங்க இருக்கிற சாமி இன்னா பண்ணாருன்னு தெரியுமா தெரியாதா? ஒரு கழுகு செத்துப்போச்சின்னு, புள்ளையா நின்னு கொள்ளி வெச்சவரு. அவரு பேரச் சொல்லி, செத்தவங்களுக்கு நான் துணி தர மாட்டேன்னு முடிவு பண்ணிட்டு வந்திருக்கிற. எங்க தெருவுல ஒருத்தரு போனா கோடித் துணி யாரு வூட்லேர்ந்து போவுதுன்னு நெனச்ச?" மூச்சு வாங்கிக்கொண்டார். "பொணத்துக்குன்னு தெரிஞ்சிருந்தா இந்த வூட்ல யாராச்சும் மஞ்சளத் தொட்டிருப்பாங்களா? அதுகூடவா எங்களுக்குத் தெரியாது?"

நான் வாழ்நாளில் படித்த எந்தப் புத்தகமும் என் தொழிலைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. எதற்கு என்ற கேள்விக்கு நேரான விடை கிடைத்திருந்தால், அந்த வீட்டின் வழக்கமே இல்லத்தலைவியின் துணியைக் காப்பாற்றியிருக்கும். நான் அந்த வழக்கத்திடம் பொய் சொன்னேன். அது என் பொய்க்கு ஏற்றபடி, மிகச் சரியாக, தன் கடமையைச் செய்தது.

கோமளா தணிந்த குரலில் பேசினார். "அந்த ஒரு இழய நான்தான் முக்கி ஓரத்துல உட்டேன். இவருக்கே தெரியாது. நீ வேணாம்னு சொன்னே. எம் மவளுக்காக ஒண்ணே ஒண்ணு, யாருக்குத் தெரியப்போவுதுன்னு..." என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்தம்மா மேல ஒட்டிக்கிச்சா?" என்றார்.

"ஆமாம்."

"போவாதா?"

"போகாது."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அவங்களுக்குப் புள்ளைங்க இருந்துச்சா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அத்தனை ஆண்டுகள் அவருடன் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். துணியின் வயதையும் மரத்தின் வகையையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

தணிகாசலம் உள்ளே போய்ப் பேனாவோடு வந்தார். "எழுதிக் குடு. என் துணி சாயம் போவலன்னு எழுது. இன்னா நடந்துச்சோ அதயும் எழுதி, கையெழுத்துப் போடு. அத எடுத்துக்கினு நான் கட கடையா போய்க்கறேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இடது தோளிலுள்ள செந்நிறக் கறை மஞ்சளால் நேர்ந்தது. துணியின் பயனை நெசவாளரிடம் மறைத்து, கோயிலுக்கு என்று பொய் சொன்னவள் நான். முழுத்துணியைச் சோதிக்காமல் பயன்படுத்தியவளும் நான். நெசவில் குறையில்லை, துணியில் சாயமே இல்லை. கீழே என் பெயர், என் பதவி, தேதி. இரண்டு படிகள் எடுத்தேன். ஒன்று அவருக்கு, இன்னொன்று அறக்கட்டளையின் கோப்புக்கு.

படித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். "இப்ப அந்தம்மா மேல துணி இல்லாம கெடக்குதா?"

"அந்தப் பட்டை எடுத்துட்டேன். மூடி வெச்சிருக்கேன்."

"திரும்ப நெய்ஞ்சித் தரேன். உனக்காக இல்லமா. நல்லா கேட்டுக்கோ, உனக்காக இல்ல."

அந்தத் தாளோடு அவர் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். மூன்று வாரம் எந்தக் கடையும் வேலை தரவில்லை. பிறகுதான் பாவு வந்தது. அந்த மூன்று வாரத்தில், நூல் மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, இல்லத்தலைவிக்கான துணியை மீண்டும் நெய்தார். கொண்டுவந்து கொடுத்தபோது ஓரங்களை என் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு அங்குலத்தையும் நனைத்துச் சோதித்தேன். இன்று இல்லத்தலைவியின் மார்பின் மேல் இருப்பது அந்தத் துணிதான். கோப்பிலிருந்த தாளைத் திருத்தி எழுதித் தரச் சொன்ன செயலாளரிடம் இந்த முறை அங்கேயே, அவர் முகத்துக்கு நேராக, முடியாது என்றேன். மறு ஆண்டு எனக்கு ஓய்வு வயது நிறைந்தது. பணியை நீட்டிப்பது பற்றி யாரும் பேசவில்லை. கோமளாவின் மகளைப் பற்றிக் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதனால் கேட்கவில்லை.

போன மாதம் அந்தப் பலகையைப் படித்துவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். கறை பற்றிய என் அறிக்கையைக் காட்டுங்கள் என்றேன். அங்கிருந்தவர் கோப்பை இரண்டு முறை புரட்டினார். அப்படி ஒரு தாள் இல்லை, இருந்ததாகப் பதிவும் இல்லை என்றார். அந்தத் தாள் இருந்த இடத்தில் இப்போது ஒரு தைலம் இருக்கிறது. வழிகாட்டியின் வாயில் ஒரு கத்தி இருக்கிறது. வீட்டை நடத்திய பெண்ணைக் கொலையுண்ட ராணியாக்கி, பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தன் பெயரையே இழந்த ஒருவரிடம் மிச்சமிருந்தது, அவருக்கு என்ன நேர்ந்தது என்ற உண்மை மட்டும்தான். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

பலகையைக் கழற்ற எனக்கு அதிகாரமில்லை. உங்களுக்கு இருக்கிறது. சான்று எங்கே என்று கேட்பார்கள். பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. தணிகாசலம் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருக்கிறது. அதைச் செப்பனிட உங்களுக்குத் தெரியும்.

போய்க் கேளுங்கள். எதுக்கு என்று அவர் கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள்.